பெண்ட் நகரில் வாடகை வீடு: தேடத் தொடங்குவது முதல் முதல் குளிர்காலம் வரை

ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் இருக்கும் பெண்ட் நகருக்கு வந்து வீடு பார்த்தால், காட்டுகிற முதல் வீடே பிடித்துவிடும். டெஷூட்ஸ் ஆற்றில் ஆட்கள் ரப்பர் மிதவைகளில் சாய்ந்தபடி போய்க்கொண்டிருப்பார்கள். மேற்கே கேஸ்கேட் மலைகள் பனியோடு வரிசையாக நிற்கும். வெயில் சுள்ளென்று அடிக்கும், ஆனால் வியர்க்காது. நானும் அப்படி ஒரு நாளில்தான் என் முதல் அபார்ட்மென்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். கட்டடத்தின் வடக்குப் பக்கம், மாடி வீடு, வெளிப்புறப் படிக்கட்டு. நவம்பர் கடைசியில் விழுந்த பனி அந்தப் படிகளில் கண்ணாடிபோல இறுகியது. பிப்ரவரி வரை முழுதாக இளகவில்லை. அதே கட்டடத்தின் தெற்குப் பக்கப் படிகளோ வெயில் பட்டு மதியத்துக்குள் காய்ந்துவிடும். வாடகை இரண்டுக்கும் ஒன்றுதான்.

அதனால் இங்கே வீடு தேடுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இது: ஜனவரி இரவுக்கும் ஆகஸ்டில் வரும் காட்டுத்தீப் புகைக்கும் இந்த வீடு தாங்குமா என்று கேட்டுக்கொண்டே பாருங்கள். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து வருவதுதான்.

ஊர் எப்படிப்பட்டது

ஒரேகான் மாநிலத்தின் நடுப்பகுதியில், கேஸ்கேட் மலைத்தொடருக்குக் கிழக்கே, சுமார் 3,600 அடி உயரத்தில் இருக்கிறது பெண்ட். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகங்கள் மலையிலேயே கொட்டித் தீர்த்துவிடுகின்றன. மழையும் பனியுமாக ஊருக்கு மிஞ்சுவது ஆண்டுக்குப் பதினோரு அங்குலம் அளவுதான். உயர் பாலைவனம் என்று சொல்வது இதனால்தான். மணல்மேடுகளைக் கற்பனை செய்ய வேண்டாம். மேற்கில் பாண்டரோசா பைன் காடு, கிழக்கில் ஜூனிப்பரும் சேஜ்பிரஷ் புதரும், மண்ணைக் கிளறினால் எரிமலைக் கல். ஊருக்குள்ளேயே பைலட் பியூட் என்ற அணைந்த எரிமலைக் குன்று இருக்கிறது. மாலை நடைக்கு ஏறி இறங்கலாம்.

காற்றில் ஈரம் இல்லாததால் வெப்பம் நிற்காது. கோடையில் பகல் 30 டிகிரி செல்சியஸ், அதே நாள் இரவு 8 அல்லது 9 என்பது இங்கே சாதாரணம். எந்த மாதத்திலும் உறைபனி விழலாம். குளிர் முற்றும் இரவுகளில் மைனஸ் 15-க்குக் கீழேயும் போகும்.

வாடகை ஏன் இவ்வளவு அதிகம் என்று எல்லாரும் கேட்பார்கள். 1916-இல் ஆற்றங்கரையில் இரண்டு பெரிய மர ஆலைகள் வந்தபோது வளரத் தொடங்கிய ஊர் இது. 1990-இல் மக்கள்தொகை 20,469. 2020 கணக்கெடுப்பில் 99,178. முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆனால் ஒரேகானில் ஒவ்வொரு நகரத்துக்கும் வளர்ச்சி எல்லை உண்டு; 1973-இல் வந்த நிலச் சட்டப்படி, அந்தக் கோட்டுக்கு வெளியே நகரம் இஷ்டத்துக்குப் பரவ முடியாது. காட்டையும் பண்ணை நிலத்தையும் காப்பாற்றும் அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் வந்து சேரும் ஆட்களுக்கு ஈடாக வீடு கட்டப்படவில்லை என்பதும் உண்மை. பழைய ஆலை இருந்த இடம் இப்போது ஓல்ட் மில் கடைவீதி. மூன்று புகைபோக்கிகளை மட்டும் அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஊருக்குள் வழி தெரியாவிட்டால் அவைதான் அடையாளம்.

எப்போது தேடுவது

மே முதல் செப்டம்பர் வரை போட்டி அதிகம். பள்ளி விடுமுறையில் இடம் மாறும் குடும்பங்கள், ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கேஸ்கேட்ஸ் வளாகத்துக்கு வரும் மாணவர்கள் எல்லாரும் அப்போதுதான் தேடுவார்கள். நவம்பரில் மவுண்ட் பேச்சலர் பனிச்சறுக்கு மலைக்கு வேலைக்கு வருகிறவர்கள் சின்ன வீடுகளையும் பகிர்ந்து வாழும் அறைகளையும் பிடித்துக்கொள்வார்கள். முடிந்தால் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ தேடுங்கள். காலி வீடு குறைவாக இருக்கும், ஆனால் கேட்கிற ஆட்களும் குறைவு. புதிய பெரிய வளாகங்கள் சில வார வாடகையைத் தள்ளுபடி செய்வதும் அப்போதுதான். இன்னொரு லாபமும் உண்டு. படிக்கட்டில் பனி இருக்கிறதா, ஜன்னல் ஓரத்தில் குளிர் ஊடுருவுகிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

விளம்பரத்தில் மரச்சாமான்களோடு எட்டு மாத வாடகை என்று இருந்தால் கவனியுங்கள். சுற்றுலாப் பருவத்தில் நாள் வாடகைக்கு விடும் வீடாக இருக்கலாம். கோடை வந்ததும் காலி செய்யச் சொல்வார்கள். புதிதாக வருபவருக்கு ஊரைப் பார்த்துக்கொள்ள அது நல்ல வழிதான், முடிவு தேதி தெரிந்தே போனால்.

எந்தப் பக்கம்

97-ஆம் எண் நெடுஞ்சாலை, ஊரார் பார்க்வே என்று சொல்வது, பெண்டை மேற்கு கிழக்காகப் பிரிக்கிறது. மேற்குப் பக்கம் ஆறு, காட்டுப் பாதைகள், ஃபில்ஸ் ட்ரெயில் என்ற சைக்கிள் தடங்கள், பேச்சலர் மலைக்குப் போகும் சாலை. வாடகையும் அந்தப் பக்கம்தான் அதிகம். கிழக்கே செயின்ட் சார்ல்ஸ் மருத்துவமனை, பழைய குடியிருப்புகள், கொஞ்சம் இறங்கிய வாடகை.

எனக்குக் கேட்டால், கிழக்குப் பக்கத்தில் எடுத்துவிட்டு மிச்சப்பணத்தில் நல்ல பனி டயர் வாங்குங்கள் என்பேன். கிழக்கிலிருந்து காட்டுப் பாதைக்குக் காரில் பதினைந்து, இருபது நிமிடம். அதற்காக மாதாமாதம் கூடுதல் வாடகை கட்டத் தேவையில்லை. ஆனால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஊர் நடுவே சரக்கு ரயில் பாதை போகிறது. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்து வீடு என்றால் நள்ளிரவிலும் ஹாரன் கேட்கும். அப்புறம் ரீட் மார்க்கெட் சாலை ரயில்வே கேட். வேலைக்கு அதைத் தாண்டித்தான் போக வேண்டும் என்றால், காலை எட்டு மணிக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்.

வடக்கே 25 கிலோமீட்டரில் ரெட்மண்ட். விமான நிலையம் அங்கேதான், வாடகையும் குறைவு, ஸ்மித் ராக் பாறைகளுக்கு இன்னும் கிட்டம். வடகிழக்கே பிரைன்வில் என்ற ஊரில் ஃபேஸ்புக், ஆப்பிள் தரவு மையங்கள் இருக்கின்றன. அங்கே வேலை என்றால் ரெட்மண்ட் நடுவில் விழும். தெற்கே லா பைன் இன்னும் மலிவு, இன்னும் குளிர். எங்கே இருந்தாலும் கார் வேண்டும். பேருந்து ஓடுகிறது, ஆனால் அதை மட்டும் நம்பி இங்கே வாழ்வது சிரமம்.

காகிதங்களைத் தயார் செய்யுங்கள்

நல்ல வீடு ஒன்றிரண்டு நாளில் போய்விடும். அதனால் பார்க்கப் போகும்போதே எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும்: அடையாள அட்டை, கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு, வங்கி அறிக்கை, முன்பு இருந்த வீட்டு உரிமையாளரின் தொடர்பு. பெரும்பாலான இடங்களில் மாத வருமானம் வாடகையைப் போல மூன்று மடங்கு வேண்டும் என்பார்கள். வாடகை 1,900 டாலர் என்று வைத்துக்கொண்டால் வருமானம் 5,700.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ புதிதாக வந்தவர்களுக்குக் கிரெடிட் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டிய வரலாற்றைக் காட்டும் மதிப்பெண், இருக்காது. அதற்காகத் தயங்க வேண்டாம். வேலைக்கான நியமனக் கடிதம், சேமிப்பு இருப்பைக் காட்டும் வங்கிக் கடிதம் இரண்டையும் முதலிலேயே கொடுத்து, கிரெடிட் வரலாறு இல்லாதவர்களுக்கு என்ன வழி என்று நேரடியாகக் கேளுங்கள். டெபாசிட்டைக் கூட்டிக் கேட்பார்கள், அல்லது உத்தரவாதம் தர ஒருவரைக் கேட்பார்கள். தனி உரிமையாளர்களைவிடப் பெரிய வளாகங்களில் இதற்கு எழுதி வைத்த விதி இருக்கும்.

ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பின்னணி பார்க்கக் கட்டணம் வாங்குவார்கள். ஒரேகான் சட்டப்படி, கட்டணம் வாங்கும் முன் எந்த அடிப்படையில் தேர்வு செய்வோம் என்பதை எழுத்தில் தர வேண்டும். அதை வாங்கிப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். உங்களைப் பரிசீலிக்கும் முன்பே வீடு வேறொருவருக்குப் போய்விட்டால், அந்தக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.

வீட்டைப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்றால் அது மோசடி. வெளியூரிலிருந்து வர முடியாவிட்டால், நேரலை வீடியோவில் வீட்டுக்குள் நடந்து காட்டச் சொல்லுங்கள்.

வீட்டைப் பார்க்கும்போது

இந்தக் கட்டம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். கால் மணி நேரத்தில் முடித்துவிடாதீர்கள்.

முதலில் வாசலில் நின்று கைபேசியில் திசைகாட்டியைத் திறங்கள். கதவு, படி, கார் நிறுத்தும் இடம் மூன்றும் எந்தத் திசை? இங்கே குளிர்காலத்திலும் பெரும்பாலான நாள் வெயில் உண்டு. தெற்குப் பார்த்த படியைச் சூரியனே சுத்தம் செய்துவிடும். வடக்குப் பக்கம் என்றால், பனியை யார் அள்ளுவார்கள், எத்தனை மணிக்குள் அள்ளுவார்கள் என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் அந்த வேலை உங்களுடையது. கூரையோடு கார் நிறுத்த இடம் இருந்தால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். காலை ஆறரை மணிக்கு இருட்டில் கண்ணாடியில் ஐஸ் சுரண்டிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

அடுத்து, வீட்டைச் சூடாக்குவது எது? சுவரோரம் தரையை ஒட்டி நீளமான உலோகப் பெட்டி இருந்தால் அது மின்சார பேஸ்போர்டு ஹீட்டர். ஜனவரி மின்கட்டணம் ஏறும். சுவரின் மேலே வெள்ளைப் பெட்டியாக மினி ஸ்ப்ளிட் என்ற வகை ஹீட்டர் இருந்தால் சிக்கனம், கோடையில் அதுவே ஏசியும் ஆகும். எரிவாயு உலை என்றால் அதற்குக் கேஸ்கேட் நேச்சுரல் கேஸ் நிறுவனத்தின் தனி பில். மின்சாரம் ஊரின் ஒரு பகுதிக்குப் பசிபிக் பவர், இன்னொரு பகுதிக்குச் சென்ட்ரல் எலக்ட்ரிக் கூட்டுறவுச் சங்கம். உங்கள் தெரு எதில் வருகிறது என்று கேட்டுக்கொண்டு, முன்பு இருந்தவர்களுக்கு ஜனவரியில் பில் எவ்வளவு வந்தது என்பதையும் கேளுங்கள். வாடகையில் ஐம்பது டாலர் மிச்சம் பிடித்துவிட்டு ஹீட்டருக்கு நூற்றைம்பது கட்டுவதில் பொருளில்லை.

ஜன்னல்களைத் திறந்து மூடிப் பாருங்கள், எல்லாவற்றையும். கோடை இரவுகளில் ஜன்னலைத் திறந்து வைத்து, விடிந்ததும் மூடிவிட்டால் பல வீடுகளுக்கு ஏசியே வேண்டாம். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள வீட்டில் காற்று ஓடாது; எதிரெதிராகவோ மூலையிலோ ஜன்னல் இருக்கிற வீட்டை எடுங்கள். ஆனால் ஜூலை கடைசி முதல் செப்டம்பர் வரை காட்டுத்தீப் புகை வரும் வாய்ப்பு உண்டு. சில ஆண்டுகளில் இரண்டொரு நாள், சில ஆண்டுகளில் வாரக்கணக்கில். அப்போது இரவிலும் ஜன்னலைத் திறக்க முடியாது. ஜன்னல் இறுக மூடுகிறதா என்று பார்ப்பது அதற்காகவும்தான். ஏசி இல்லாத வீடு என்றால், நீங்களே ஒரு சிறிய ஏசி வைத்துக்கொள்ளலாம். 2021 கோடையில் மாநிலத்தை வாட்டிய வெப்ப அலைக்குப் பிறகு, 2022-இல் வந்த சட்டப்படி பாதுகாப்பு போன்ற சில காரணங்களைத் தவிர வேறு எதற்காகவும் உரிமையாளர் அதைத் தடுக்க முடியாது.

சமையலறை. நாம் தாளிப்பவர்கள், அதனால் இதைக் கேட்டே ஆக வேண்டும்: அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது வடிகட்டி வீட்டுக்குள்ளேயே விடுகிறதா? அடுப்புக்கு மேலே பொருத்திய மைக்ரோவேவிலேயே விசிறி இருந்தால், அதைப் போட்டுவிட்டு மைக்ரோவேவின் மேல்விளிம்பில் இருக்கும் சல்லடைக்கு முன்னால் கையை வையுங்கள். முகத்தைப் பார்த்துக் காற்று வந்தால் அது வீட்டுக்குள்தான் சுற்றுகிறது. ஜனவரியில் எல்லா ஜன்னலும் மூடியிருக்கும்போது மிளகாய் வற்றலும் கடுகும் பொரிந்தால், தீப்புகை அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.

சாமான் வைக்கும் இடம் அடுத்தது. இந்த ஊருக்கு வந்த ஆறு மாதத்தில் உங்களிடம் சைக்கிளோ பனிச்சறுக்குப் பலகையோ மிதவையோ சேர்ந்துவிடும். சைக்கிள் திருட்டு உண்டு. பால்கனியில் பூட்டி வைப்பது போதாது. பூட்டும் வசதியுள்ள சேமிப்பு அறை இருக்கிறதா, அதற்குத் தனி வாடகையா என்று கேளுங்கள். வாசலில் செருப்பு விட இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்காலத்தில் சாலை வழுக்காமல் இருக்கத் தூவும் எரிமலைக் கற்பொடி காலணியின் அடியில் ஒட்டிக்கொண்டு கார்ப்பெட் வரை வரும்.

ஒப்பந்தத்தைப் படிப்பது

ஒரேகான் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் தெரிந்தால்தானே கேட்க முடியும்?

முதல் ஆண்டில் வாடகையை ஏற்றக் கூடாது. அதன்பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறை, 90 நாள் முன்னதாக எழுத்தில் சொல்லி ஏற்றலாம். 2019-இல் மாநிலம் முழுவதற்கும் உச்சவரம்பு வந்தது. 2023-இல் திருத்தி, பணவீக்கத்தோடு 7 சதவீதம் அல்லது 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை என்று வைத்தார்கள். பெண்டில் வாடகைக்கு எடுப்பவர்கள் தவறவிடும் இடம் இங்கேதான்: கட்டி 15 ஆண்டு ஆகாத கட்டடங்களுக்கு இந்த உச்சவரம்பு பொருந்தாது. ஊர் வேகமாக வளர்ந்ததால் இங்கே புதுக் கட்டடங்கள் நிறைய. நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் உள்ள பளபளப்பான வளாகத்தில் சேரும் முன், கட்டடம் எந்த ஆண்டு குடியேற்றத்துக்குத் திறந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை மாதத்தின் நான்காம் நாள் முடியும்வரை கட்டாதிருந்தால்தான் தாமதக் கட்டணம். வீட்டுக்குள் வர உரிமையாளர் 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். குழாய் உடைந்தது போன்ற அவசரத்துக்கு மட்டும் விலக்கு. ஒப்பந்தக் காலத்துக்கு முன்பே காலி செய்தால் அதற்கென ஒப்பந்தத்தில் போடும் கட்டணம் ஒன்றரை மாத வாடகையைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தம் முடியும்போது நீங்கள் போவதாக இருந்தால் 30 நாள் முன்பு எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் அது மாதாமாத வாடகையாகத் தானே தொடரும்.

டெபாசிட்டுக்கு மாநிலச் சட்டத்தில் உச்சவரம்பு இல்லை. காலி செய்து 31 நாளுக்குள் மீதியையும், பிடித்ததற்குக் கணக்கையும் தர வேண்டும். அநியாயமாகப் பிடித்தால் அந்தத் தொகையைப் போல இரண்டு மடங்கு கேட்டு வழக்குப் போடலாம். கார்ப்பெட் கழுவும் செலவைப் பிடிப்போம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நீங்கள் வரும் முன் அது இயந்திரத்தால் கழுவப்பட்டதா என்று இப்போதே கேளுங்கள்.

வாடகைதாரர் காப்பீடு கேட்பார்கள். கேட்காவிட்டாலும் எடுங்கள். தீ, புகை, வெளியேற நேர்ந்தால் தங்கும் செலவு இவற்றுக்கு அது ஈடு தருகிறதா என்று படித்துவிட்டு எடுங்கள்.

சாவி வாங்கும் நாள்

சாமான் இறக்கும் முன் வீடு முழுக்க வீடியோ எடுங்கள். கார்ப்பெட் கறை, சுவர் ஓட்டை, ஜன்னல் கீறல் எல்லாம் பதிவாகட்டும். அன்றைக்கே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். மின்சாரம், எரிவாயு உங்கள் பெயருக்கு மாற ஓரிரு நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். ஒரேகானில் விற்பனை வரி கிடையாது. பக்கத்து மாநிலத்திலிருந்து வருகிறவர்கள் மெத்தை, மேசை எல்லாம் இங்கே வந்தே வாங்கலாம்.

மளிகைக்கு ஒரு வார்த்தை. அரிசி, பருப்பு, மசாலாவை மொத்தமாக வாங்க, தமிழர்களும் இந்தியக் கடைகளும் நிறைய உள்ள பீவர்டன், ஹில்ஸ்பரோ பக்கம் போக வேண்டும். மலையைத் தாண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும். பனிக்காலத்தில் அந்தச் சாலையை நம்ப முடியாது, அதனால் நவம்பருக்கு முன் ஒருமுறை நிரப்பிக்கொள்ளுங்கள். இந்த உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கரில் பருப்புக்கு இன்னொரு விசில் விடுங்கள்.

முதல் ஆண்டில் செய்ய வேண்டியவை

வந்த வாரமே டெஷூட்ஸ் மாவட்டத்தின் அவசர எச்சரிக்கைச் செய்திக்குக் கைபேசி எண்ணைப் பதியுங்கள். தீ வந்தால் மூன்று நிலை அறிவிப்பு வரும்: முதல் நிலை தயாராக இரு, இரண்டாம் நிலை எந்நேரமும் கிளம்பும்படி இரு, மூன்றாம் நிலை உடனே போ. கடவுச்சீட்டு, விசாக் காகிதங்கள், மருந்து இவை ஒரே பையில் கதவுக்கு அருகில் இருக்கட்டும். ஒரு காற்றுச் சுத்திகரிப்புக் கருவியை மே மாதத்திலேயே வாங்கிவிடுங்கள். புகை வந்த பிறகு கடையில் அலமாரி காலியாகத்தான் இருக்கும்.

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை ஆணி பதித்த டயர் போட அனுமதி உண்டு. ஆணி இல்லாத பனி டயரே ஊருக்குள் போதும் என்பது என் அனுபவம். டயர் கடையில் முதல் பனி விழுந்த அன்று வரிசை தெருவுக்கு வந்துவிடும். அக்டோபரிலேயே மாற்றுங்கள்.

அதே அக்டோபரில், பால்கனியிலோ தோட்டத்திலோ வெளிக்குழாய் இருந்தால் ரப்பர் ஹோஸைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஹோஸில் நிற்கும் தண்ணீர் உறைந்து சுவருக்குள் இருக்கும் குழாயைப் பிளந்துவிடும். அது தெரிய வருவது பனி இளகும்போதுதான். மைனஸ் பத்துக்குக் கீழே போகும் இரவுகளில் வெளிச்சுவரை ஒட்டிய சமையலறைத் தொட்டிக்குக் கீழே உள்ள கதவைத் திறந்து வைத்து, குழாயில் பென்சில் முனை அளவு தண்ணீர் ஒழுக விடுங்கள். ஊருக்குப் போவதாக இருந்தாலும் ஹீட்டரை அணைக்காமல் 13 டிகிரிக்குக் குறையாமல் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.